கையடக்க விமான ரேடியோ: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கமலாபுரத்தில் விமானப் பயிற்சி எடுப்பவர்கள், பாராமோட்டார் ஓட்டுபவர்கள், பொங்கலை ஒட்டிப் பொள்ளாச்சியில் பலூன் பறக்கும்போது தரையில் நின்று உதவுபவர்கள், பீளமேட்டில் இறங்கும் விமானத்தைப் பார்த்து ஆசைப்பட்டு விசாரிப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. ரேடியோ வாங்கியாகிவிட்டது என்றாலும் மூன்றாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

சாதாரண வாக்கி-டாக்கிக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?

அலைவரிசையும் பேச்சை ஏற்றும் முறையும் இரண்டுமே வேறு. விமானங்கள் பேசுவது 118.000 முதல் 136.975 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏ.எம். முறையில். காவல்துறை, கட்டுமானம், ஜவுளி மில் காவலாளி என்று நாம் பார்க்கும் வாக்கி-டாக்கிகள் பெரும்பாலும் எஃப்.எம்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஏ.எம்.மையே வைத்திருப்பது பழைமைப் பற்றால் மட்டுமல்ல. எஃப்.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மட்டும் கேட்கும். மற்றவர் பேசியதே யாருக்கும் தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் இரண்டு பேர் அழைத்திருக்கிறார்கள் என்று டவருக்கு, அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தெரிந்துவிடும். மறுபடி சொல்லச் சொல்லுவார்கள்.

2,000 ரூபாய்க்குச் சீன வாக்கி-டாக்கி கிடைக்குதுங்களே, அதுல பேசிக்க முடியாதுங்களா?

முடியாது. அவற்றில் சில விமான அலைவரிசையைக் கேட்கும். ஆனால் அனுப்பும் பகுதி எஃப்.எம்.மிலேயே இயங்கும். மென்பொருளில் தில்லுமுல்லு செய்து 118-க்கு மேல் பொத்தானை அழுத்த வைத்தாலும் டவரின் ஏ.எம். ரிசீவரில் உருக்குலைந்த ஒலிதான் போய்ச் சேரும். நீங்கள் பேசியது புரியாது, இறங்கிக்கொண்டிருக்கும் வேறொருவரின் பேச்சு மட்டும் கெடும். பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும், விவரக்குறிப்பில் "ஏ.எம். டிரான்ஸ்மிட்" என்று தெளிவாக இல்லாவிட்டால் அது விமான ரேடியோ அல்ல.

லைசென்ஸ் வேணுங்களா? கடையில பணம் கொடுத்தா தர்றாங்களே?

வேண்டும். இரண்டு தனித்தனி அனுமதிகளைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது கருவிக்கானது. கம்பியில்லாக் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்று 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டம் சொன்னது. 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அங்கீகாரம் கேட்கிறது. அலைவரிசை, கருவி உரிமம், இறக்குமதி எல்லாவற்றையும் பார்ப்பது தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு. விண்ணப்பம் "சரல் சஞ்சார்" இணையதளம் வழியாகப் போகும். விமானத்திலேயே பொருத்திய ரேடியோவுக்கு விமான உரிமையாளர் வாங்கும் ஏரோ மொபைல் உரிமம் இருக்கும். உங்கள் கையடக்கக் கருவி அந்த உரிமப் பட்டியலில் மாடல் பெயருடன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி மாணவர் என்றால் தனியாக ஒன்று வாங்கும் முன் பள்ளியின் உரிமத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்பதுதான் நடைமுறையில் எளிது.

இரண்டாவது ஆளுக்கானது, விமான ரேடியோவில் பேசத் தகுதி தரும் ஆர்.டி.ஆர். சான்றிதழ். இதை முன்பு டபிள்யூ.பி.சி. நடத்தியது. 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் அதினியம் என்ற விமானச் சட்டம் இந்தப் பொறுப்பை விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, அதாவது டி.ஜி.சி.ஏ.வுக்கு மாற்றியது. ஆகவே பழைய வழிகாட்டிக் குறிப்புகளை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

கடைக்காரர் தருகிறார் என்பதால் அது சட்டப்படியான விற்பனை ஆகிவிடாது. வாக்கி-டாக்கிகளை உரிம விவரம் சொல்லாமல் இணையத்தில் விற்பதற்கு எதிராக 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டுதல்களே வெளியிட்டது. விற்பவரிடம் கருவியின் இ.டி.ஏ. எனப்படும் வகை ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார்" என்று பதில் வந்தால் கடையை மாற்றுங்கள்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லிக் கொண்டுவருவதும் இதே கணக்குதான். சுங்கத்தில் பிடித்துவைத்தால் உரிமக் கடிதம் இல்லாமல் எடுக்க முடியாது.

பேச மாட்டேனுங்க, கேக்க மட்டும்தான். அதுக்குமா?

பேசும் வசதியுள்ள கருவியைக் கையில் வைத்திருந்தாலே உரிமம் தேவை. பொத்தானை அழுத்தினீர்களா இல்லையா என்பது பிறகு வரும் கேள்வி. சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அதன் சுற்றுவட்டாரத்தில் ஆன்டெனா நீட்டிய கருவியோடு நின்றால் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. எந்த விமானம் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் ஆசை என்றால் கைபேசியில் விமானத் தடம் காட்டும் செயலிகளே போதும்.

ஹாம் லைசென்ஸ் இருக்குதுங்க, அது போதாதா?

போதாது. அமெச்சூர் உரிமம் 144–146 மெகாஹெர்ட்ஸ் போன்ற அமெச்சூர் பட்டைகளுக்கு மட்டும். விமானப் பட்டை அதில் அடங்காது.

எந்த மாடல் வாங்கலாமுங்க?

இந்தத் துறையில் அதிகம் புழங்கும் பெயர்கள் இரண்டு: ஐகாம், யேசு. ஐகாமில் ஐசி-ஏ16, ஐசி-ஏ25, யேசுவில் எஃப்.டி.ஏ-250, 450, 550, 750, 850 என்று வரிசை போகும். அமெரிக்கச் சந்தையில் சுமார் 200 டாலரில் தொடங்கி 500, 600 டாலர் வரை. இங்கே வரியும் உரிமச் செலவும் மேலே சேரும்.

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது "6 வாட்". அது உச்ச அலை அளவு. ஏ.எம்.மில் முழுப் பண்பேற்றத்தின்போது உச்சம், குரலைச் சுமக்கும் அடிப்படை அலையான கேரியரைப் போல நான்கு மடங்கு இருக்கும். ஆகவே 6 வாட் என்பது சுமார் 1.5 வாட் கேரியர்தான். ஒரு கம்பெனி "5 வாட்" என்றும் இன்னொன்று "6 வாட்" என்றும் போட்டால் காதில் எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

பணத்தை வேறு இடத்தில் போடுங்கள். டிரை செல் டப்பா கூடவே வருகிறதா அல்லது தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ரீசார்ஜ் பேட்டரி செத்த நாளில் டபுள்-ஏ பேட்டரி ஆறு போட்டுப் பேச அதுதான் வழி. ஹெட்செட் அடாப்டர் பெட்டியிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். வெயிலில் திரை படிக்க முடிகிறதா என்று கடைக்கு வெளியே வந்து பாருங்கள். கையுறை போட்ட விரலுக்குப் பொத்தான்கள் தட்டுப்பட வேண்டும். ஈரத்துக்கு ஐ.பி. எண் பார்க்கலாம்: ஐசி-ஏ25 ஐ.பி.57, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்.

வேண்டாதது: அமெரிக்க மாடலில் வரும் "டபிள்யூ.எக்ஸ்." பொத்தான். அது 162 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்க வானிலை ஒலிபரப்பைக் கேட்க. இங்கே வெறும் இரைச்சல்தான். அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி ஐரோப்பாவில் கட்டாயம், இங்கே 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் பேச்சு நடக்கிறது. 8.33 உள்ள கருவியை வாங்கினால் அமைப்பில் 25-க்கு மாற்றி வையுங்கள். இல்லையென்றால் குமிழைத் திருப்பும்போது 118.000-க்கு அடுத்து 118.005 என்று காட்டும். இரண்டும் ஒரே அலைவரிசைதான், ஆனால் 118.005 என்பது குறுகிய 8.33 சேனலின் பெயர். அதில் வைத்துவிட்டு டவரைக் கேட்டால் குரல் மூக்கடைத்தமாதிரி வரும், காரணமும் பிடிபடாது.

எவ்வளவு தூரம் பேசுமுங்க?

இந்த அலை நேர்கோட்டில் போவது. தூரத்தை முதலில் தீர்மானிப்பது உயரம், அப்புறம்தான் வாட். தரையிலிருந்து உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலைக்கான தொடுவானம் கிலோமீட்டரில் வரும். தரையில் நிற்பவரின் கையில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கருவிக்கு 5 கிலோமீட்டர். 1,000 மீட்டர் மேலே பறப்பவருக்கு 130. இருவர் பேசினால் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரில் ஒரு கழித்தல் இருக்கிறது. கோவை விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமானியில் 5,000 அடி என்று இருந்தால் தரையிலிருந்து உங்கள் உயரம் 3,700 அடிதான், அதாவது சுமார் 1,100 மீட்டர். தொடுவானம் 137 கிலோமீட்டர். பீளமேட்டிலிருந்து கமலாபுரம் நேர்கோட்டில் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். ஆனால் இது காகிதக் கணக்கு. 1.5 வாட் கேரியரும் கேபினுக்குள் மடங்கி நிற்கும் ரப்பர் ஆன்டெனாவும் சேர்ந்தால் சில பத்து கிலோமீட்டர் தெளிவாகக் கிடைத்தாலே திருப்திப்படலாம். டவர் பேசுவது உங்களுக்கு நன்றாகக் கேட்கும், நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. அவர்களிடம் பவர் அதிகம் என்பதால் இப்படி ஆகும். கேட்கிறதே என்பதால் தொடர்பு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

மலை மறைப்பு இங்கே தனிப் பாடம். வடக்கே நீலகிரி, தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமலை, நடுவில் பாலக்காட்டுக் கணவாய். கணவாயின் நடுவில் இருக்கும்வரை கோவைப் பக்கம் திறந்திருக்கும். வால்பாறைப் பக்கம் ஒரு மடிப்புக்குள் நுழைந்தால் 20 கிலோமீட்டரிலேயே குரல் அறுந்துபோகும். உயரம் ஏற இடமிருந்தால் ஏறிப் பேசுங்கள். ஒரே இடத்தில் நின்று பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவதில் பேட்டரிதான் தீரும்.

ரப்பர் ஆன்டெனா போதுமுங்களா?

தரைப் பணிக்குப் போதும். விமானத்துக்குள் போதாது என்பதே எங்கள் கருத்து. 127 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் 59 சென்டிமீட்டர். கையடக்கக் கருவியோடு வருவது அதைச் சுருட்டி ரப்பருக்குள் அடைத்த குட்டை ஆன்டெனா. சுற்றிலும் அலுமினியத் தகடு வேறு.

விமானத்தின் வெளி ஆன்டெனாவோடு கருவியை இணைக்க ஒரு சுவிட்ச் பெட்டியோ தனி இணைப்போ பொறியாளரை வைத்துப் போட்டுக்கொள்வதுதான் கையடக்கக் கருவிக்குச் செய்யும் மிகப் பெரிய முன்னேற்றம். புதுக் கருவிக்குச் செலவழிக்கும் பணத்தை இதில் போடலாம். கருவியின் முனை பி.என்.சி.யா எஸ்.எம்.ஏ.வா என்று முதலில் பாருங்கள். எஸ்.எம்.ஏ. மெல்லிய மரை, அடாப்டரை மாட்டி அதன்மேல் கனமான கேபிளைத் தொங்கவிட்டால் முனை ஆடி உள்ளே சாலிடர் விட்டுவிடும். கேபிளைப் பட்டையில் கட்டித் தாங்கல் கொடுங்கள். ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் போட்டால் சுமார் 2 டெசிபெல், அதாவது பவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேபிளிலேயே போகும். நீளத்தைக் குறையுங்கள். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். 2-க்குக் கீழே இருக்கட்டும்.

ஆன்டெனா இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தவே கூடாது. போன பவர் திரும்பி வந்து அனுப்பும் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.

ஹெட்செட்டை எப்படி மாட்டறதுங்க?

விமான ஹெட்செட்டில் இரண்டு பிளக்: தடித்தது காதுக்கு, 6.3 மில்லிமீட்டர்; சற்று மெலிந்தது மைக்குக்கு, 5.2 மில்லிமீட்டர். ஹெலிகாப்டர் ஹெட்செட்டுக்கு ஒற்றை பிளக், அது இதில் சேராது. கருவிக்கும் இவற்றுக்கும் நடுவில் கம்பெனி அடாப்டர் வேண்டும். விமான மைக்குக்கு இயங்க மின்னழுத்தம் தேவை; சும்மா கம்பி ஒட்டிய அடாப்டரில் அது வராமல் போகலாம். அப்போது பொத்தானை அழுத்தினால் கேரியர் போகும், குரல் போகாது. டவர் "கேரியர் மட்டும்தான் வருகிறது" என்று சொன்னால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஹெட்செட் போட்டதும் உங்கள் குரல் உங்கள் காதில் கேட்கவில்லை என்றால் சைடு-டோன் அமைப்பை இயக்குங்கள். அது இல்லாமல் எல்லோருமே கத்துவார்கள், கத்தினால் ஏ.எம்.மில் குரல் சிதையும்.

தறிக்கூடம் பக்கத்துல ஒரே கரகரப்பா இருக்குதுங்களே?

இருக்கத்தான் செய்யும். மின்பொறியின் சத்தம் எல்லாம் அலையின் உயரத்தில்தான் ஏறும், ஏ.எம். ரிசீவர் படிப்பதும் அந்த உயரத்தைத்தான். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடம், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் பெட்டி, மலிவு எல்.ஈ.டி. விளக்கு, பைக் சார்ஜர் எல்லாம் சேர்ந்து இரைச்சலை உயர்த்திவிடும். மெல்லிய இரைச்சலைக் காதுக்கு வராமல் அடைக்கும் ஸ்குவெல்ச்சை மேலே ஏற்றி அடக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் தூரத்து விமானத்தின் மெல்லிய குரலும் சேர்ந்து அடங்கிவிடும். ஸ்குவெல்ச்சை முழுதும் திறந்து, இரைச்சல் நிற்கும் இடம்வரை மெல்ல ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள். மீதிக்கு நூறு மீட்டர் தள்ளி நின்று பேசுவதே தீர்வு. கார் சார்ஜரில் மாட்டியபடி கேட்டால் கரகரப்பு வருகிறதா என்று சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

ஆடிக் காற்று வேறு கதை. கணவாய் வழியாக வீசும் காற்று மைக்கில் நேராக அடித்தால் உங்கள் குரலைவிடக் காற்றுதான் அதிகம் போகும். முதுகைக் காற்றுக்குக் காட்டி, மைக்கை வாயின் ஓரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் வைத்துப் பேசுங்கள்.

பேட்டரி சீக்கிரம் போயிடுதுங்க.

சித்திரை வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டில் வைத்திருந்தீர்களா? லித்தியம் பேட்டரியைக் கொல்ல அதைவிட வேகமான வழி இல்லை. வாரக்கணக்கில் எடுக்காமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில், நிழலில் வையுங்கள்; பறக்கும் முந்தின இரவு நிரப்புங்கள். டிரை செல்லை டப்பாவுக்குள்ளேயே போட்டு மறந்தால் கசிந்து தகட்டை அரித்துவிடும். செல்லைத் தனியாகப் பையில் வைத்து, டப்பாவை காலியாக வையுங்கள். டிரை செல்லில் அனுப்பும் பவர் குறையலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பேட்டரி முனைகளில் வியர்வை உப்பு படிந்தால் கேட்கும்போது ஒன்றும் தெரியாது, பேசும் பொத்தானை அழுத்தியதும் கருவி அணைந்து மறுபடி எழும். பென்சில் அழிப்பானால் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முதல் தடவை பேசறப்ப என்ன வரிசைங்க?

அலைவரிசையை உரக்கப் படித்து இரண்டாம் முறை சரிபாருங்கள். இந்திய விமான நிலைய ஆணையமான ஏ.ஏ.ஐ. வெளியிடும் ஏ.ஐ.பி. என்ற விமானத் தகவல் தொகுப்பிலிருந்து எடுத்த எண்ணாக இருக்கட்டும், நண்பர் அனுப்பிய படத்திலிருந்து அல்ல. சில நொடி கேளுங்கள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் பதிலும் முடியும்வரை பொறுங்கள். பொத்தானை அழுத்தி அரை நொடி கழித்துப் பேசத் தொடங்குங்கள், இல்லையென்றால் முதல் சொல் வெட்டுப்படும். வெட்டுப்படுவது பெரும்பாலும் டவரின் பெயர்தான். யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே, என்ன வேண்டும்: இந்த நான்கும் இந்த வரிசையிலேயே. வழக்கமான பேச்சு வேகம் போதும்.

ரேடியோ சோதனைக்கு "ரேடியோ செக்" என்று கேட்டால் ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண் வரும். ஐந்து மிகத் தெளிவு, மூன்று சிரமப்பட்டுப் புரிகிறது, ஒன்று புரியவே இல்லை. மூன்று வந்தால் அன்றைக்கு அந்தக் கருவியை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஓடுபாதை எண், உயரம், காத்திரு என்ற உத்தரவு, அலைவரிசை மாற்றம், இவற்றை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "ராஜர்" மட்டும் போதாது.

பொத்தான் சிக்கிக்கொண்டால் மொத்த அலைவரிசையும் முடங்கும். கருவியைத் தொடைக்கும் இருக்கைக்கும் நடுவில் செருகுவதால்தான் இது அதிகம் நடக்கிறது. அனுப்பும் நேர வரம்பு அமைப்பு இருந்தால் இயக்கி வையுங்கள்.

பறந்துட்டு இருக்கறப்ப விமான ரேடியோ செத்துட்டா?

முதலில் விமானத்தை ஓட்டுங்கள். பிறகு ஒலி குமிழ், அலைவரிசை, ஹெட்செட் பிளக், ஆடியோ பலகை, சர்க்யூட் பிரேக்கர். பாதிக்குமேல் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில், ரேடியோ செத்தது என்று சொல்லும் 7600 குறியீடு, அப்புறம் கையடக்கக் கருவி. அதைப் பின்னிருக்கைப் பையின் அடியில் வைத்திருந்தால் பயனில்லை. கை எட்டும் இடத்தில், அடாப்டர் மாட்டியபடி, அன்றைய டவர் அலைவரிசை ஏற்கெனவே போட்டு, அணைத்து வைத்திருக்க வேண்டும்.

அதுவும் எடுபடவில்லை என்றால் டவரிலிருந்து விளக்கு வரும். பறக்கும்போது நிலையான பச்சை இறங்கலாம். விட்டுவிட்டு வரும் பச்சை இறங்கத் திரும்பி வா. நிலையான சிவப்பு மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. விட்டுவிட்டு வரும் சிவப்பு நிலையம் பாதுகாப்பில்லை, இறங்காதே. பகலில் இறக்கையை ஆட்டிப் பதில் சொல்லுங்கள்.

121.5 எதுக்குங்க?

உயிர் ஆபத்துக்கான அவசர அலைவரிசை அது. பல கருவிகளில் இதற்குத் தனிப் பொத்தான் உண்டு; பைக்குள் தானாக அழுந்திவிடும் என்பதால் சாவிப் பூட்டு போட்டு வையுங்கள். செயற்கைக்கோள் கேட்டுக்கொண்டிருக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். காஸ்பாஸ்-சார்சாட் என்ற செயற்கைக்கோள் மீட்பு அமைப்பு 2009 பிப்ரவரி 1 முதல் 121.5-ஐக் கேட்பதை நிறுத்திவிட்டது. இப்போது அது கேட்பது 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகளைத்தான். ஆனால் மேலே போகும் பயணிகள் விமானங்கள் இரண்டாவது ரேடியோவில் 121.5-ஐ வைத்திருப்பது வழக்கம். ஆனைமலைக் காட்டில் இறங்க நேர்ந்தால் டவரைவிட அவர்களே உங்களைக் கேட்க வாய்ப்பு அதிகம். நேர் மேலே போகும்போது மலை மறைப்பதில்லை.

வி.ஓ.ஆர். காட்டும்னு போட்டிருக்குதுங்களே?

வி.ஓ.ஆர். என்பது விமானத்துக்குத் திசை காட்டும் தரை நிலையம். காட்டும், 108 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரை. கேபினுக்குள் ரப்பர் ஆன்டெனாவில் ஊசி தள்ளாடும். திசை பற்றிய பொதுவான யோசனைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி மேகத்துக்குள் போகக் கூடாது.

பலூன் பின்னாடி வண்டியில போறவங்களுக்கும் இதே ரேடியோ வேணுங்களா?

டவரோடு பேசுபவர் பைலட் மட்டும். "தென்னந்தோப்பைத் தாண்டி வலதுபக்க மண்ரோட்டில் வா" என்று வண்டிக்காரரோடு பேச விமான அலைவரிசையைப் பிடித்துக்கொள்வது தவறு. அதற்கு 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் உரிம விலக்குள்ள எளிய கருவிகள் இருக்கின்றன. தென்னந்தோப்புக்குள் அவற்றின் தூரம் நன்றாகக் குறையும். ஆகவே வண்டியை மேட்டில் நிறுத்திப் பேசச் சொல்லுங்கள்.

ட்ரோன் ஓட்டறதுக்கு?

வேண்டாம். அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் தோட்டம் எந்த நிற மண்டலம் என்று பாருங்கள், அதுதான் முக்கியம்.

பயணிகள் விமானத்துல கொண்டுபோலாமுங்களா?

உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடி. 7.2 வோல்ட், 2,350 மில்லியாம்பியர் பேட்டரி 17 வாட்-மணிதான். 100 என்ற வரம்புக்கு வெகு கீழே. சிக்கல் பேட்டரியில் வராது, பாதுகாப்புச் சோதனையில் வரும். உரிமத்தின் நகலை மேலேயே வைத்திருங்கள். விமானத்துக்குள் கருவியை இயக்கக் கூடாது.

பழசு வாங்கலாமுங்களா?

வாங்கலாம், உரிமத்தைப் பெயர் மாற்றும் வழியை விற்பவரோடு சேர்ந்து முடிக்க முடிந்தால் மட்டும். கருவியில் நான்கு விஷயம் பாருங்கள். ஆன்டெனா முனையை விரலால் அசைத்தால் ஆடக் கூடாது. பேட்டரி வீங்கியிருக்கக் கூடாது. பேட்டரியை மேசையில் படுக்கவைத்தால் தட்டையாக உட்கார வேண்டும். அலையை வெளியே விடாமல் பவரை விழுங்கும் சுமை ஆன்டெனா மாட்டி பவர் மீட்டரில் கேரியரை அளந்தால் விவரக்குறிப்பில் சொன்னதை ஒட்டி இருக்க வேண்டும். கடைசியாக ஒலிக் குமிழை மெல்லத் திருப்பிக் கேளுங்கள். கரகரவென்று விட்டுவிட்டு வந்தால் உள்ளே தூசியும் ஈரமும் போயிருக்கிறது என்று பொருள். குமிழை மாற்றும் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள்.